வேலைக்குத் தகுதியற்றவர்

மகனைத் திட்டுவதற்காகச் சித்தையன் நானூறு கிலோமீட்டர் வந்திருந்தார். வந்து பார்த்தால், திட்டு போய்ச் சேருகிற தூரத்தில் மகன் இல்லை. அலைகள் உடைகிற வெள்ளைக் கோட்டுக்கும் அப்பால், ஒரு பலகையின் மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கரையிலிருந்து பார்க்க, ரசத்தில் மிதக்கிற கடுகு அளவுதான் இருந்தான். "டேய் சந்தோசு!" என்று அவர் போட்ட முதல் சத்தம் முதல் அலையைக்கூடத் தாண்டவில்லை. இரண்டாவது சத்தத்தை அடிவயிற்றிலிருந்து எடுத்தார். தொழிற்சாலையில் பிரஸ் ஓடும்போது அந்தக் கோடியில் நிற்கிறவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. இருபத்தேழு வருடத்துக் குரல். கடுகு திரும்பியது. வெயிலுக்குக் கையை நெற்றியில் மறைப்பாக வைத்துக்கொண்டு நன்றாகவே பார்த்தது. பிறகு மறுபடியும் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

"பாத்துட்டான் மாமா," என்றான் பழனி. "பாத்துப்போட்டுத்தான் திரும்பிக்கிட்டான்."

"எனக்குக் கண்ணு தெரியுதுடா."

"இல்ல, கண்ணும் போச்சுன்னு சர்ட்டிபிகேட்டு வாங்கீட்டீங்களோன்னு பாத்தேன்."

பழனி அவருடைய மனைவி பாப்பாயியின் தம்பி. தேவராஜ மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற மெட்டடோர் வேன் அவனுடையது. அந்த வேனில்தான் சனிக்கிழமை மத்தியானம் மைசூரிலிருந்து கிளம்பி, மடிக்கேரி மலையிறங்கி, உடுப்பியில் முட்டைக்கோஸ் வாசனைக்கு நடுவில் படுத்துத் தூங்கி, ஞாயிறு காலை எட்டு மணிக்கு இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். குந்தாபுரத்துக்கு வடக்கே, தார் ரோடு சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துபோகிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல். ஒரு பக்கம் ஆற்று முகத்துவாரம், மறுபக்கம் சவுக்குத் தோப்பு, நடுவில் ஆள் அரவமில்லாத மணல். திங்கட்கிழமை பத்து மணிக்குச் சந்தோஷ்குமார் மைசூரில் தொழிற்சாலை ஆபீசில் நின்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். மலைப்பாதையைக் கணக்கில் வைத்தால் இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு வேன் கிளம்பியாக வேண்டும். பையன் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போய்விடும். பையனின் வேலை மட்டுமில்லை, சித்தையனின் வேலையும் சேர்த்து.

அந்தக் கதை கொஞ்சம் சிக்கலானது. சித்தையனுக்கு அது தன் வாழ்க்கையிலேயே புத்திசாலித்தனமாகச் செய்த ஒரே காரியமாகவும் தோன்றியிருந்தது. டயர் செய்கிற அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் பாக்கியிருக்கும்போது ஒரு தொழிலாளி வேலைக்குத் தகுதியற்றவர் என்று டாக்டர்கள் எழுதிவிட்டால், அவர் இடத்துக்கு மகனை எடுத்துக்கொள்வார்கள். ஆகவே அங்கே ஐம்பது தாண்டிய ஆண்களுக்கெல்லாம் சொல்லிவைத்தாற்போல நோய் வரும். சித்தையனுக்கு ஐம்பத்தொன்று நடக்கும்போது அவருக்கும் வந்தது. எந்த நோய் என்பதில்தான் யோசனை. கண் என்றால் கண்ணாடி போட்டு அனுப்பிவிடுவார்கள். நெஞ்சு என்றால் பெங்களூருக்கு அனுப்பி உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இடுப்பு உத்தமம். அந்த வயதில் எல்லா இடுப்பும் எக்ஸ்ரேயில் தேய்ந்துதான் தெரியும்; வலி எவ்வளவு என்பதை வலிக்கிறவன் சொல்லித்தான் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு மாதம் வலதுபக்கமாகச் சாய்ந்து நொண்டி நடந்தார். பால் பூத்துக்கும் நொண்டினார், கல்யாண வீட்டுப் பந்திக்கும் நொண்டினார். குனிந்து கால் விரலைத் தொடச் சொன்ன டாக்டர்களுக்கு முன்னால் முழங்காலோடு நிறுத்திக்கொண்டு அவர் போட்ட "ஐயோ" கொஞ்சம் அதிகம்தான் என்று அவருக்கே பட்டது. ஏப்ரலில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேலைக்குத் தகுதியற்றவர். அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

இதில் எல்லாரையும் கேட்டார். யூனியன்காரனைக் கேட்டார், பழனியைக் கேட்டார், கொள்ளேகாலத்தில் ஜோசியனைக்கூடக் கேட்டார். சந்தோஷைக் கேட்கவில்லை. மறைக்க வேண்டுமென்றில்லை, கேட்கலாம் என்றே தோன்றவில்லை. பசிக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சோறு போடுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. காகிதம் வந்த அந்த வாரமே, மங்களூர்ப் பக்கம் ஒரு சிநேகிதனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சந்தோஷ் கிளம்பிப் போனான். சுற்றட்டும், இனி முப்பத்தாறு வருடம் அந்த கேட்டுக்குள்தானே என்று சித்தையன் பெருந்தன்மையாக இருந்துவிட்டார். பலகையையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான் என்பதை அவர் கவனிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. லட்சுமிபுரத்தில் யோகா கற்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் வீட்டில் சந்தோஷ் வேலை பார்த்தபோது, அவர்களில் ஒருவன் ஊருக்குப் போகையில் விட்டுப்போன, அலைமேல் சறுக்குகிற பலகை அது. ராட்சசன் வீட்டில் துணி தேய்க்கிற பலகை போல ஆறடி நீளம். இரண்டு வருடமாக மொட்டைமாடியில் பாப்பாயி அதன் மேல்தான் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். பையன் அதில் வழுக்காமலிருக்க மெழுகுவர்த்தி தேய்ப்பான். அந்த வடகத்தை வறுத்தால் கரண்டு போன வீட்டு வாசனை அடிக்கும். பையன் ஊரின் பேரெழுதி அம்மாவுக்குப் போட்ட கடிதத்தைப் பாப்பாயி அரிசி டின்னுக்குள் மூன்று வாரம் ஒளித்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தொழிற்சாலை ஆர்டர் வந்த பிறகுதான் அதை எடுத்து நீட்டினாள். "போயி கத்தாதீங்க," என்று மட்டும் சொன்னாள்.

கத்தாமல் வேறென்ன செய்வது. வழியெல்லாம் மூன்று பேச்சுகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். முதலாவது நன்றியைப் பற்றியது. இரண்டாவது பெற்றவள் கண்ணீர். மூன்றாவது முழுக்கக் கெட்ட வார்த்தை. மூன்றையும் வைத்துக்கொண்டு, டெரிலின் பேண்டும் கறுப்பு ஷூவுமாக, வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் நின்றார். மே மாதக் கடைசி. மழை அடுத்த வாரம் வந்துவிடும் என்று கடல் முன்கூட்டியே கோபப்பட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கறுத்த மடிப்பு எழும். வர வர உயரும். மேடு தட்டியதும் உச்சி மெலிந்து, உள்ளே பச்சையாக வெளிச்சம் தெரிந்து, ஒரு லாரி ஜல்லியைக் கொட்டிய மாதிரி விழும். விழுந்த இடத்தில் மணல் கலங்கும். அடுத்தது அதே இடத்தில் விழாது. பத்தடி தள்ளி விழும். இப்படி இடம் மாற்றி மாற்றி அடிக்கிற எதிரியை அவர் பார்த்ததில்லை. சந்தோஷ் சிலவற்றை விட்டுவிடுவான். சிலவற்றுக்குக் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தோண்டுவான். பிறகு சட்டென்று எழுந்து நிற்பான். நின்று, முழங்காலை மடக்கி, அந்தப் பச்சைச் சுவரின் மேல் குறுக்காகச் சரிந்து போவான். ஐந்து நொடி, ஆறு நொடி. அப்புறம் விழுவான். கரைக்கு நெருங்கி வந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போவான்.

"விழறதுக்குன்னே போறானாட்ட இருக்குது," என்றார் சித்தையன்.

"அது ஒரு ஆட்டம் மாமா."

"ஆட்டம்னா ஜெயிக்கோணும். இதுல யாரு ஜெயிக்கறாங்க?"

 "கடலுதான்," என்று சொல்லிவிட்டு, பசிக்கிறது என்றான் பழனி.

சவுக்குத் தோப்போரம் ஒரு கீற்றுக் கொட்டகையில் மீன்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிற தேவம்மா இருந்தாள். அவர்கள் யாரென்று தெரிந்ததும் அவள் முகம் இன்னும் கடுகடுத்தது. அந்தக் கரையோரக் கன்னடம் சித்தையனின் மைசூர்க் கன்னடத்துக்குப் பாதிதான் பிடிபட்டது; ஆனால் கோபத்துக்கு எந்த ஊர் என்று உண்டா. அந்தப் பலகை இங்கே வந்த நாளிலிருந்து வலையில் மீன் இல்லையாம். படுத்துப்போகிற பிணத்தைப் போல ஒருவன் தினமும் கடல்மேல் போய்வந்தால் மீன் எப்படி நிற்கும்? ஆம்பிளைகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டார்கள். இன்று சாயங்காலத்துக்குள் இவன் போகாவிட்டால் பலகையைப் பிளந்து அவள் அடுப்பில்தான் வைப்பார்களாம். "கர்கொண்டு ஹோகி," என்றாள், கூட்டிக்கொண்டு தொலையுங்கள் என்கிற கைவீச்சோடு. கஞ்சிக் கிண்ணத்தை அவர்கள் முன்னால் வைத்த வேகத்தில் பாதி தரையில் சிந்தியது. அதற்குத்தான் வந்திருக்கிறோம் தாயே என்று சொல்ல வாயெடுத்த சித்தையன், ஏனோ சொல்லவில்லை. தன் மகனை வெளியார் ஒருத்தி திட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. திட்டுவதற்கு அவர் வந்திருக்கிறாரே.

பதினொரு மணிக்குச் சந்தோஷ் வந்தான். கரைக்கு வரவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டான். பலகையைக் கன்றுக்குட்டியைப் பிடிக்கிற மாதிரி பக்கத்தில் பிடித்திருந்தான். ஒரு மாதத்தில் கறுத்து, விலா எலும்பு தெரிய, உதடு வெடித்துப்போயிருந்தான். கணுக்காலிலிருந்து பலகைக்கு ஒரு கயிறு ஓடியது. சித்தையன் ஈர மணலின் விளிம்புவரை போனார். சரக் சரக் என்று வலதுகாலை இழுத்துக்கொண்டு போனார்.

"இங்க யாருக்கு நொண்டறீங்க?" என்றான் சந்தோஷ்.

சித்தையன் குனிந்து தன் காலைப் பார்த்தார். நானூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மேஸ்திரி கண்ணும் படாத கடற்கரையிலும் அது தன்பாட்டில் நொண்டிக்கொண்டிருந்தது. அவமானத்தில் மூன்று பேச்சும் மறந்துபோயிற்று.

"நாளைக்கிப் பத்து மணி," என்றார். "ஆர்டர் வந்துருக்குது. கையெழுத்துப் போடோணும். வா."

"எனக்கு பேடப்பா."

வீட்டில் தமிழ்தான் பேசுவான். வேண்டாம் என்று சொல்வதற்கு மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவான். சின்ன வயதிலிருந்தே அப்படி.

"பேடவா? நானென்ன காப்பியா குடுக்கறேன், பேடாங்கறதுக்கு?"

"என்னயக் கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லீருப்ப?"

"பேடான்னு சொல்லீருப்பேன்."

"அதுக்குத்தான் கேக்கல."

பின்னால் பழனி சிரித்துவிட்டான். அப்பனும் மகனும் ஒரே நேரத்தில் அவனை முறைத்தார்கள். அன்றைக்கு இருவரும் ஒன்றுபட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"மொத நாளு கேட்டுல நொழையறப்பவே கேப்பாங்க," என்றான் சந்தோஷ். அலைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் சண்டை போலவே விழுந்தது. "அப்பாவுக்கு இடுப்பு எப்பிடியிருக்குதுன்னு. படுத்தே கெடக்கறாருன்னு நான் சொல்லோணும். நாளைக்கும் கேப்பாங்க. நாளானிக்கும் கேப்பாங்க. கேண்டீன்ல கேப்பாங்க, பஸ்ல கேப்பாங்க. உங்களுக்கு எட்டு மாசம் நாடகம். எனக்கு முப்பத்தாறு வருசம். நீங்க செத்தாக்கூட இடுப்புலதான் செத்தாருன்னு சொல்லோணும்."

"வாய்வார்த்தடா அது! எல்லாப் பயலும் சொல்றான். சொல்லீட்டு வேலயப் பாக்கறான்."

"எனக்கு வராது."

"நீ சேரலீன்னா உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. நம்ம வீட்டுல ஒருத்தனுக்கும் அந்தக் கேட்டு தொறக்காது. புரியுதா? உங்கம்மாளும் நானும் வடகம் வித்துப் பொழைக்கோணும்."

"போயிச் சொல்லுங்க. இடுப்பு நல்லாயிருச்சுன்னு."

"உள்ள தூக்கி வெச்சுருவாங்கடா!"

"அப்ப நொண்டுங்க," என்றான் சந்தோஷ். பலகையை முன்னால் தள்ளி அதன்மேல் விழுந்து, நுரைக்குள் தலையைக் கொடுத்துப் போய்விட்டான்.

 சித்தையன் மணலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். காலுறையைக் கழற்றி ஷூவுக்குள் திணித்தார். சட்டையையும் கைக்கடிகாரத்தையும் பழனி கையில் கொடுத்தார். பழனிக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"மாமா! நீங்க அன்ஃபிட்டு மாமா!"

"ஆமாண்டா."

"அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இடுப்புலதான் போனாருன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டுக் கடலுக்குள் நடந்தார்.

ஹனூர் பக்கத்துக் காட்டில் அறுபதடிக் கிணறுகளில் குதித்து வளர்ந்த உடம்பு. நீச்சலில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் கிணறு ஒரு மரியாதையான தண்ணீர். குதிக்கிறவனை வாங்கிக்கொண்டு மேலே அனுப்பிவிடும். இது அப்படியில்லை. முதல் அலை மார்பில் உதைத்து அவரைக் குப்புறத் தள்ளி, மூக்கில் ஒரு படி உப்பைக் கொட்டி, கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து போட்டது. இரண்டாவது பேண்டைப் பாதி உருவிவிட்டது. கொட்டகை வாசலில் தேவம்மா நிற்பது தெரிந்தது. பேண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தொடையளவுத் தண்ணீரில் நின்று, வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் கடலைப் பார்த்துச் சொன்னார். மகனுக்கென்று கட்டிவைத்த மூன்றாவது பேச்சு அப்படியாகச் செலவானது. சொல்லி முடித்தபோதுதான் ஒன்று உறைத்தது. காலையிலிருந்து கோபத்தோடு பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் மூளை தன் பழக்கத்தில் எண்ணிக்கொண்டும் இருந்திருக்கிறது. பிரஸ் ஓட்டுகிறவனுக்கு அது விடாத வியாதி. அலைகள் ஐந்தாறு சேர்ந்துதான் வந்தன. பிறகு பிரஸ் வாய் திறந்து, வெந்த டயரை எடுத்துவிட்டுப் பச்சை டயரை வைக்கிற அளவுக்கு ஓர் அமைதி. அதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காதவர்களின் விரல்களை அவர் பார்த்திருக்கிறார். நின்றார். நான்கு போயிற்று. ஐந்து. ஆறாவது சின்னது. அதன் முதுகு தாண்டியதும் பாய்ந்தார். தலையைத் தூக்கி, கையை மாற்றி மாற்றி அறைந்து, கிணற்று நீச்சல்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அது அவர் எதிர்பாராதது. வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் கடல் மூச்சு விடுகிற வயிறு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சந்தோஷின் முகத்தில் முதலில் பயம் வந்தது. பிறகு பயந்ததற்காகக் கோபம் வந்தது.

"பைத்தியமா உங்களுக்கு? செத்துருப்பீங்க!"

 சித்தையன் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உப்புத் தண்ணீரைத் துப்பினார். கையில் அந்தக் கயிறு தட்டுப்பட்டது. பையனின் கணுக்காலில் கட்டிய கயிறு. அதை வலதுகையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். இனி எங்கே போவான்.

"விடுங்க. கைய அறுத்துரும்."

"அறுக்கட்டும்."

கரை மிகவும் சின்னதாக இருந்தது. கொட்டகைப் புகை, சவுக்கு மரங்கள், நீரோரமாக இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்த பழனி. அவன் வாயில் இரண்டு கையையும் குவித்து வைத்திருந்தான். ஒன்றுமே கேட்கவில்லை.

"காலைல நான் கத்துனது?" என்று கேட்டார்.

"வாய் தொறந்து தொறந்து மூடுனது தெரிஞ்சுது."

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தண்ணீர் அவர்களைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கியது. சந்தோஷ் அவரைப் பார்க்காமல், கயிறு சுற்றிய அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெஜமாவே வலிக்குதா?" என்றான்.

"எது?"

"இடுப்பு."

சித்தையன் யோசித்தார். இதை அவர் பாப்பாயியிடம்கூடச் சொன்னதில்லை. "மொதல்ல இல்ல. எட்டு மாசம் ஒரே பக்கமாச் சாஞ்சு நடந்ததுல, இப்ப நெசமாலுமே புடிச்சுக்குச்சு. காலைல எந்திரிக்க முடியறதில்ல."

சிரிப்பு ஒன்று பையனின் வெடித்த உதடுவரை வந்தது. அவருடைய உதட்டுக்கும் வந்தது. யார் முதலில் சிரிப்பது என்கிற வீம்பில் இரண்டும் அங்கேயே நின்றுபோயின.

"ரெண்டு மணிக்கு வண்டி கெளம்போணும்," என்றார்.

"கெளம்புங்க."

"நீயி?"

 சந்தோஷின் கண் அவருடைய தலைக்கு மேலே எங்கோ போயிருந்தது. சித்தையன் திரும்பினார். தூரத்தில் கறுத்த மடிப்பு ஒன்று எழுந்திருந்தது, அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. காலையிலிருந்து பார்த்தவற்றைவிடப் பெரியவை. பையன் பலகையைக் கரையைப் பார்க்கத் திருப்பிப் படுத்துக்கொண்டான்.

"கயித்த விடுங்கப்பா. இந்த அலையப் புடிச்சா நான் கரைக்குப் போயிருவேன்."

"கரைக்குப் போயி?"

"போயிப் பாக்கலாம்."

"வேன்ல ஏறுவியா?"

"அப்பா, நேரமில்ல. நீங்க இங்கயே இருங்க. மூணு போகட்டும், அப்பறம் வாங்க. தனியா வந்துருவீங்களா?"

"நான் கெணத்துல வளந்தவன்டா," என்றார். சொல்லும்போது குரல் அவ்வளவு உறுதியாக வரவில்லை.

சந்தோஷ் கையால் தண்ணீரைத் தோண்டத் தொடங்கினான். கயிறு நிமிர்ந்தது. அவர் கையில் இறுகியது, தோல் எரிந்தது. பிடித்துக்கொண்டால் அலை இரண்டு பேரையும் சேர்த்துத்தான் உருட்டும். அந்த முகத்தை, ஒரு மாத வெயிலில் உரிந்துபோன அந்த முதுகை, இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு அவர் சுற்றை அவிழ்த்தார். முதல் சுற்று. இரண்டாவது சுற்றை அவர் விட்டாரா, அதுவே வழுக்கிப் போயிற்றா என்று அவருக்குத் தெரியவில்லை. உடம்பு மேலே, மேலே போயிற்று. ஒரு நொடி உலகத்தில் அவரைவிட உயரமாக எதுவுமில்லை. பிறகு அலை அவரை விட்டுவிட்டுப் போயிற்று.

பின்னாலிருந்து பார்த்தால் அலையில் ஒன்றும் தெரிவதில்லை. நின்றானா, விழுந்தானா, எந்தப் பக்கம் சரிந்தான், எதுவும் இல்லை. வழவழப்பான ஒரு பச்சை முதுகு மட்டும் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதன் உச்சியிலிருந்து சாரல் அவர் முகத்தின்மேல் தூறியது. சித்தையன் கழுத்தளவுத் தண்ணீரில் காலை உதைத்துக்கொண்டு, கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் இரண்டாவது அலை எழும்பிக்கொண்டிருந்தது.